இருவர் நட்பில் ஒருவரின் கதை

நிறப் பாகுபாட்டை மீறிய நட்பைச் சொல்லும் அமெரிக்க இளையோர் வரலாற்று நாவல்கள் பலவும் ஒரே தடத்தில் போகின்றன. வெள்ளைக்காரப் பிள்ளை கறுப்பினப் பிள்ளையோடு பழகும், ஊர் எதிர்க்கும், அடி விழுவது கறுப்பினப் பிள்ளைக்கு, கண் திறப்பது வெள்ளைக்காரப் பிள்ளைக்கு.

கேரி ஷ்மிட் 2004இல் எழுதிய ‘லிஸ்ஸி பிரைட் அண்ட் த பக்மின்ஸ்டர் பாய்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். மெய்ன் மாநிலக் கடலோரத்தில் மலாகா என்றொரு சிறு தீவு. கறுப்பரும் வெள்ளையரும் கலந்து குடும்பமாக வாழ்ந்த இடம். 1912இல் மாநில அரசு அவர்களைத் துரத்தியது. சிலரை மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் அடைத்தது. கல்லறைகளையும் தோண்டி, எலும்புகளை அந்த விடுதி வளாகத்திலேயே கொண்டுபோய்ப் புதைத்தது. மாநிலம் இதற்கு வருத்தம் தெரிவித்தது 2010இல்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே இந்த வரலாறு நாவலாகப் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது. பாடநூலில் ஒரு வரியாகப் படித்திருந்தால் மறந்துபோகும். தீவின் கறுப்பினச் சிறுமி லிஸ்ஸியோடு சேற்றில் சிப்பி தோண்டிய வெள்ளைக்காரப் பையன் டர்னர் வழியாகத் தெரிந்துகொண்டால் மறக்காது. இவ்வகை எழுத்தின் பெரும்பலம் இது.

ஆனால் போதகர் மகன் டர்னரின் கூடவேதான் பெரும்பாலும் நாம் நடக்கிறோம். தீவை இழப்பவள் லிஸ்ஸி. அந்த விடுதியில் இறப்பவளும் அவளே. அந்தச் சாவும் டர்னரின் துயரமாகத்தான் நம்மை வந்தடைகிறது. அடைபட்ட நாட்களில் அவள் என்ன நினைத்தாள், யாரைத் தேடினாள்? நாவல் அங்கே போவதே இல்லை. இதை என்னால் சிறு குறை என்று விட முடியவில்லை.

மில்ட்ரட் டெய்லர் 1976லேயே வேறு வழியைக் காட்டிவிட்டார். ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ 1933ஆம் ஆண்டு மிசிசிப்பியில் நடக்கும் கதை. சொல்பவள் கேஸி லோகன் என்னும் கறுப்பினச் சிறுமி. ஜெரமி என்ற வெள்ளைக்காரப் பையன் கிறிஸ்துமஸ் அன்று தன் கையால் செய்த குழலை அவள் அண்ணனுக்குக் கொண்டுவருகிறான். நல்ல பையன். ஆனாலும் அவன் போனபின், இந்த நட்பு ஆபத்து, வளர்ந்தால் அவன் மாறிவிடக்கூடும் என்று மகனை எச்சரிக்கிறார் அப்பா. அவர் பயம் வீணானதல்ல: ஜெரமியின் அண்ணன்மாரை நம்பிப்போன டி.ஜே. என்ற கறுப்பினச் சிறுவன் திருட்டுப்பழி சுமந்து கொலைவெறிக் கும்பலிடம் சிக்குகிறான். நல்ல மனம் மட்டும் போதாது, சட்டமும் ஊரும் ஒரு பக்கமே நிற்கும் இடத்தில் நட்பின் ஆபத்து இருவருக்கும் ஒன்றல்ல என்பதை டெய்லர் உபதேசமின்றிப் புரியவைக்கிறார்.

ஷ்மிட்டின் நாவல் படிக்கப்பட வேண்டியதே. ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று கேட்டால், தயங்காமல் டெய்லரைக் கொடுங்கள்.