கச்சான் காற்றும் அறுகம்பை அலையும்

மட்டக்களப்பிலிருந்து உகந்தை வரை பைக்கில் போய், வழியில் கண்ட அலையிலெல்லாம் ஏறி இறங்காதவர்களுக்கு இலங்கையின் கிழக்குக் கரை இன்னும் பாதிதான் தெரியும். அடித்துச் சொல்வேன்!

கல்லடிப் பாலத்தை விடியுமுன்னே தாண்டிவிட வேண்டும். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று அக்கரைப்பற்று மட்டும் கடைத்தெருவும் பாடசாலைப் பிள்ளைகளும் ஓட்டோக்களும்தான். திருக்கோவில் கடந்ததும் வீதி நமக்கே நமக்கு! சிறுபோக வயல் ஒரு பக்கம் பச்சை பச்சையாய். மறுபக்கம் களப்பும் கடலும் மாறி மாறி. அலைச்சறுக்குப் பலகைகளைப் பைக்கின் பக்கவாட்டில் இரும்புத் தாங்கியில் கட்டியிருந்தோம். கோமாரிக்கு அப்பால் கச்சான் காற்று அவற்றைப் பிடித்துத் தள்ள, கூட்டாளிமார் எல்லாரும் ஒரே வரிசையில் சாய்ந்து சாய்ந்து ஓடியதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

இந்தக் கச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்பை வறுக்கிறது என்று ஊரே திட்டுகிற காற்று. அலை ஏறுகிறவனுக்கு அதுதான் வரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் இந்தப் பக்கம் இறங்கி, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அது முகத்தில் அடிப்பதால் அலை சட்டென்று சரியாமல் நிமிர்ந்து நிற்கும். அதே மாதங்களில் இந்து சமுத்திரத்தின் தென்கோடிப் புயல்கள் கிளப்பிய நீண்ட அலைகள் வந்து, அறுகம்பை முனையில் வளைந்து திரும்பி, பாய் சுருட்டுவதுபோல் ஓரத்திலிருந்து உடைந்துகொண்டே போகின்றன. அதனால்தான் அந்த முனையான மெயின் பொயிண்டில் நல்ல நாளென்றால் வலப்பக்கமாக நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடலாம். ஒரே அலை! காலுக்குக் கீழே கடல் ஓடுகிறது, கால் மட்டும் நிற்கிறது. இதற்கு ஈடான சந்தோசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2019இல் உலக சர்ஃப் லீக்கின் போட்டி இங்கே வந்தது சும்மாவா?

எனக்கு ஆகப் பிடித்தது இன்னொன்று. பேபி பொயிண்டிலும் விஸ்கி பொயிண்டிலும் பழக்கிவிடுகிறவர்களில் பலர் அந்தக் கரையிலேயே வளர்ந்த பொடியன்கள். “வலி, வலி, வலி… இப்ப எழும்பு மச்சான்!” என்று பின்னாலிருந்து தமிழில் சத்தம் வரும்போது பயம் எங்கே போகிறதென்றே தெரியாது. பெண்களும் குறைவில்லை. நாட்டிலேயே முதலாவதான மகளிர் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் தொடங்கியது இந்த ஊரில்தான். 2004 சுனாமி வீடுகளையும் உயிர்களையும் அள்ளிக்கொண்டு போன கடற்கரை இது. அந்தக் கடலோடு மறுபடி இப்படி உறவாடுகிற மனிதர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பசிக்கு ரொட்டியும் பருப்பும் கட்டச்சம்பலும், பிறகு ஒரு பிளேன்டீ. அவ்வளவும் போதும்.

பைக் இல்லாவிட்டால் இந்தப் பயணத்தின் ருசியே இல்லை. ஒரு முனையில் அலை செத்திருந்தால் பலகையைக் கட்டிக்கொண்டு அடுத்த முனைக்குப் பறக்கலாம்: வடக்கே பொத்துவில் பொயிண்ட், தெற்கே எலிபன்ட் ராக், பீநட் ஃபார்ம். அதற்கும் தெற்கே பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போகிற காட்டுப்பாதை இருக்கிறதே, அது தனி உலகம். செம்மண் தூசி, குளத்தோரம் மயில், தூரத்தில் யானை. கல்லோடத்தில் முருகன் வந்திறங்கியதாக ஐதீகம் சொல்லும் உகந்தைமலைக் கோயில். அதன் பக்கத்துக் கடலில் அலை. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் இங்கே தங்கித்தான் குமண வனத்துக்குள் இறங்குகிறார்கள். ஈர உடம்போடு கரையில் நின்று அவர்களின் அரோகரா சத்தத்தைக் கேட்டது எங்கள் பயணத்தின் உச்சம் என்பேன்.

வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வந்து இந்த அலைக்காக மாதக்கணக்கில் தங்குகிறார்கள். நம் பிள்ளைகளோ பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கரையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த ஜூனில் கூட்டாளிமாரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முதல் தடவை என்றால் மெயின் பொயிண்டுக்கு அவசரப்படாதீர்கள், அங்கே அடியில் பாறை. மணல் அடியுள்ள பேபி பொயிண்டில் தொடங்குங்கள். உகந்தைப் பாதையில் மட்டும் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், இரவில் அது யானைகளின் பாதை.