கடைப்பற்று

இவ்வாரம் யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். இலக்கியப் பகுதியில் சோற்றுக்கடைக்கும் சில்லறைக்கடைக்கும் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அன்னார்க்கு எமது விடை இது: எந்தப் பேச்சை மக்கள் தாமே நாள்தோறும் புனைந்து, பிறர்க்குரைத்து, மறுப்பாரோடு மல்லுக்கு நிற்கின்றனரோ, அந்தப் பேச்சு ஏட்டில் ஏறினும் ஏறாவிடினும் இலக்கியத்தின் ஒரு வகையே. இலக்கியமாயின் அதனை உரைத்துப் பார்க்கும் உரிமை எவர்க்கும் உண்டு.

சென்ற சம்பள நாளன்று மாலை செக்ரோலை மூடிவைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றிருந்தோம். அங்கே இரண்டு இளைஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தனர். ஒருவர் தீவினர்; ஜார்ஜ் டவுனிற் பிறந்து, பாலத்தைக் கடந்து இங்கே பத்து காவான் தொழிற்சாலைக்கு வேலைக்கு வருகிறவர். மற்றவர் கிள்ளானிலிருந்து வந்து இங்கேயே அறை எடுத்துத் தங்கியிருப்பவர். வாதப் பொருள் அரசியலன்று, மொழியன்று, சம்பளமுமன்று. “அண்ணே, கோலாலம்பூரில் நீங்கள் உண்பது நாசி கண்டாரே அன்று, சோற்றின்மேல் ஊற்றிய குழம்பு” என்றார் தீவினர். “இருக்கட்டும் தம்பி. எங்கள் கிள்ளானில் ஒற்றைக் கடையாகத் தொடங்கியது இன்று உங்கள் ஊர்த் தெருவெல்லாம் நிற்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்?” என்றார் மற்றவர். இருவர் குரலும் உயர்ந்தன. ஒருவர்க்கும் அக்கடைகளில் ஒரு காசு பங்கில்லை என்பதை யாம் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் ‘பற்று’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று அன்பு, மற்றொன்று கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதும் கடன். கடைப்பற்று என்னும்போது இவ்விரண்டில் எது என்று தெளிவாகச் சொல்லத் தோட்டத்திற் பிறந்தவன் சற்றே தயங்குவான். மலாய்க்காரர் கடையைக் ‘கெடாய்’ என்பது நம் சொல்லே. நாம் இந்நாட்டிற்குக் கொண்டுவந்த மூட்டையில் இந்தச் சொல்லும் இருந்தது. அதனோடு அந்த இரண்டாவது பற்றும் வந்து சேர்ந்தது.

கடையைப் புகழும் இலக்கியத்திற்கு நம்மிடம் மிகப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. ஆங்கிலப் பள்ளிக்கூடத்திற் படித்தவனாதலின் யாம் அதனைக் காலங்கடந்தே அறிந்தோம். அதுவே ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீள்பவன், பசியோடு எதிர்வரும் இரவலனைப் பார்த்து, இந்த வழியே போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், முடிவில் இன்னானிடம் சேர்வாய் என்று சொல்லுவது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றியதன் பயனாகத் தோட்டத்து ஆபீஸ் மேசையில் வைத்தும் அதனை இன்று படிக்கலாம். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்க. நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில், கடற்கரைப் பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் சமைத்த இனிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். ஊருக்கு ஊர் உணவு மாறுகிறது. ஊர்ப்பெருமையும் இருக்கிறது. ஆயினும் நத்தத்தனார், வேலூரான் ஆமூரானைப் பார்த்து ‘நீ உண்பது சோறே அன்று’ என்று சொல்லும்படி எங்கும் பாடவில்லை.

அதனினும் சிறந்தது ஒன்று. ஆமூர்ச் சோற்றைச் சொல்லவந்த புலவர், உலக்கையின் இரும்புப்பூண் தேயுமளவும் குற்றிய அரிசி என்கிறார். சுவையைச் சொல்லுமுன் உழைப்பைச் சொல்லுகிறார். யார் சமைத்தார், எந்தக் கை கொடுத்தது என்பது பாட்டிற்குள்ளேயே இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் காலத்துக் கடைப்புகழ்ச்சியைப் பார்த்தால் அது எவ்வளவு மெலிந்துபோயிற்று என்பது புலனாகும். ‘குழம்பு ருசி’, ‘வரிசை நீளம்’, ‘எங்கள் ஊர்’. இம்மூன்றுக்கு மேல் அதில் ஒன்றும் தேறாது.

நாசி கண்டாரையே பார்ப்போம். கண்டார் என்பது தோளில் தண்டு வைத்து இருபுறமும் சுமை தொங்கவிட்டுச் சுமத்தல். நம் காவடியும் அமைப்பில் அதுவே. இராமநாதபுரத்துப் பக்கமிருந்தும் கடையநல்லூர்ப் பக்கமிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோற்றுப்பானையும் ஒரு பக்கம் கறிச்சட்டியுமாகத் தண்டிற் சுமந்து, துறைமுகக் கூலிகளுக்கு விற்ற உணவு அது. உண்டவனும் கூலி, சுமந்தவனும் கூலிக்குச் சற்றே மேற்பட்டவன். கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா 1907-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் லைன் கிளியர் இருக்கிறது. (இரயில்வேயில் வேலை பார்த்த குடும்பத்தார்க்கு அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பழைய நினைவு வரும், வண்டியை விடலாம் என்று ஒரு ஸ்டேஷன் மற்றொரு ஸ்டேஷனுக்குத் தரும் அனுமதிக்கு அதுதான் பெயர்.) பினாங்கு மாநிலத்திற் பிறந்து தலைநகர் வரை கிளை பரப்பிய பெலித்தாவும் உண்டு. இவற்றில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றொன்றை இகழ்வது தீவினரின் வழக்கம். எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளம்போல் ஊற்றுவதா, அளவாக ஊற்றுவதா என்பதில் அவர்களுக்குள் சைவ வைணவச் சண்டையே நடக்கும். ஆனால் அந்தத் தண்டைச் சுமந்த தோளைப் பற்றி இவ்வளவு பேச்சிலும் ஒரு சொல் கேட்டதில்லை. ‘கண்டார்’ என்னும் பெயரிலேயே அந்தத் தோள் இருந்தும்!

இந்த மறதி வெறும் பேச்சோடு நிற்குமாயின் யாம் இதனை எழுதப் புகுந்திரோம். அங்காடி உணவுக்கடைகளில் அயல்நாட்டவர் சமைக்கலாகாது என்று பினாங்கு மாநில அரசு 2014-இல் முடிவுசெய்து, 2016 முதல் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பினாங்கு உணவின் சொந்தச் சுவை கெட்டுவிடும் என்பது காரணம். உள்ளூர்ச் சிறு வியாபாரிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் அதில் நியாயம் உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. குறைந்த கூலிக்கு ஆளை நிறுத்திவிட்டு உரிமத்தை வாடகைக்கு விடுவோரைத் தடுக்கவேண்டும் என்பதும் சரியே. ஆனால் சுவை காரணம் என்பதுதான் எமக்கு விளங்கவில்லை. அயலான் கை பட்டால் கெடும் சுவையாயின், கடையநல்லூரான் கை பட்ட அன்றே அது கெட்டிருக்க வேண்டுமன்றோ? நேற்று வந்தவனின் கைப்பக்குவத்தை ஊர்ச்சொத்து என்று கொண்டாடிவிட்டு, இன்று வந்தவனை அடுப்பண்டை நிற்காதே என்பது, ஊர்ப்பற்று எவ்விடத்தில் தன் கணக்கைத் தானே மறக்கிறது என்பதைக் காட்டுகிறது. இந்நாட்டிற்கு ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணி வழியாகவும் வந்தோர் வழித்தோன்றல்களாகிய நாம் இதற்குத் தலையாட்டுவது இன்னும் வேடிக்கை.

இனிக் கிள்ளான் இளைஞர் பக்கம். அவர் பெருமையாகச் சொன்னது 99 ஸ்பீட்மார்ட்டை. 1987-இல் கிள்ளானில் ஒரு சிறு கடையாகத் தொடங்கி, 2024 செப்டம்பரில் பங்குச்சந்தையில் ஏறிய நிறுவனம் அது. தொடங்கியவர் லீ தியாம் வா. சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அவரது விடாமுயற்சியைப் பாராட்டாதவன் மனிதனல்லன். ஆனால் கடைக்காரர் உயர்ந்தது வேறு, கடையில் வாங்குபவர் உயர்ந்தது வேறு. இவ்வேற்றுமையைக் கடைப்பற்று மறைத்துவிடுகிறது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோயன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்கிலுள்ளோர் 1964-இல் முதற்கடை திறந்த வாவாவைப் பிடித்துக்கொள்வர். மேற்கிலுள்ளோர் 1952-இல் அல்டூனாவில் தோன்றிய ஷீட்ஸை விடமாட்டார்கள். இருசாராரும் போற்றுவது ரொட்டிக்குள் இறைச்சியை வைத்த ஏறக்குறைய ஒரே பண்டத்தைத்தான். இக்கடைகளுக்கெல்லாம் மூத்தது 1927-இல் டல்லாஸ் நகரத்துப் பனிக்கட்டிக் கம்பெனி ஒன்றிலிருந்து முளைத்தது. காலை ஏழு மணிமுதல் இரவு பதினொன்று வரை திறந்திருந்தமையால் 1946-இல் செவன் இலெவன் என்று பெயர் பெற்றது. கோலாலம்பூருக்கு 1984-இல் வந்தது. 2016-இல் ஜப்பானிய ஃபேமிலிமார்ட்டும் வந்து, நம் பிள்ளைகளுக்கு ஓடென் என்னும் மீன்வடைச் சாற்றைப் பழக்கிவிட்டது. அதைப்பற்றி யாதும் சொல்லோம், நன்றாகவே இருக்கிறது.

பற்று நியாயமாய் அமைந்த இடம் ஒன்றும் உண்டு. ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ தீவு. அத்தீவினர் நாடெங்கும் பரந்த பெருங்கடைகளைக் காட்டிலும் 1971-இல் சப்போரோவில் தோன்றிய சைகோமார்ட்டையே தம் கடை என்பர். 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் நிலம் நடுங்கியது. ஏறக்குறையத் தீவு முழுவதிலும் மின்சாரம் அற்றது. அந்த இருளில் இக்கடைகளிற் பெரும்பாலானவை திறந்திருந்தன. கடையாட்கள் மோட்டார் காரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கணக்குப்பொறியை ஓட்டினர்; எரிவாயு அடுப்பிற் சோறாக்கி உருண்டை பிடித்துச் சுடச்சுட விற்றனர். அந்தச் சோற்றுருண்டையை வாங்கி உண்டவன் ஆயுள் முழுவதும் அக்கடையைப் புகழ்ந்தால் அது ஆற்றுப்படைக்கு ஒப்பாகும். பசித்தவன், வழி, கொடுத்த கை ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன.

தோட்டத்துக் கடையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது நமக்கு மிக அண்மையது. அட்டையில் 555 என்று அச்சிட்ட சட்டைப்பைப் புத்தகத்தை அறியாதவர் நம்மில் இரார். அதில்தான் கடன் எழுதப்படும். எம் தந்தையார் பால்மரம் சீவிய தோட்டத்தில் ஒரே கடை. சம்பள நாளில் கடைக்காரர் ஆபீஸ் வாசலிலேயே நிற்பார். ஒரு மாதம் எங்கள் கணக்கில் எழுதியிருந்த கருவாட்டை எங்கள் வீட்டில் எவரும் கண்டதில்லை. அன்னையார் எழுத்தறியாதவர், கேட்டால் அடுத்த மாதம் அரிசி கிடையாது. அக்கடையிலேயே நாங்கள் பல ஆண்டு வாங்கினோம். அதனை வெளியிலிருந்து பார்ப்பவர் விசுவாசம் என்பார். பழைய கடையில் அன்பு இருந்தது, புதிய கடையில் இயந்திரம் இருக்கிறது என்று கண்ணீர் வடிக்கும் கட்டுரைகளை இப்போது அடிக்கடி காண்கிறோம். அவற்றை எழுதியோர் ஒருவரும் அந்தப் புத்தகத்தின் கடன்பக்கத்தில் பெயர் எழுதப்பட்டவரல்லர் என்று ஐயுறுகிறோம். விலைச்சீட்டு ஒட்டிய பண்டத்தை எடுத்து, காசைக் கொடுத்து, ரசீதை வாங்கி, எவன் முகத்தையும் பாராமல் வெளியே வருவது கூலிக்காரனுக்கு ஒரு விடுதலை. அதனை எண்கள் பெயராய்க் கொண்ட அந்தக் கடைகள்தாம் தந்தன.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபோது, நாட்கூலிக்குச் சென்றவர்கள் வீட்டில் அடைந்தனர். கிளைகள் பல கொண்ட கடைகள் திறந்துதான் இருந்தன; காசு உள்ளவனுக்கு. எமது சாலையோரத்துச் சில்லறைக்கடை அம்மையார் ஒருவர் அந்தப் பழைய 555 புத்தகத்தைத் திரும்ப எடுத்தார். சில குடும்பங்களுக்கு மூன்று மாதம் அரிசி அளந்தார். வரவேண்டியதில் பாதி இன்னும் வரவில்லை என்றும், கேட்பதாயில்லை என்றும் எம்மிடம் சொன்னார். அவர் கடையில் சமைத்த உணவு கிடையாது. ஆதலின் அதனைப் பற்றி எவரும் வாதாடுவதுமில்லை.

பத்து காவானில் இன்று செம்பனை நின்ற இடங்களிற் பல தொழிற்சாலைகளாகிவிட்டன. 2014 மார்ச்சில் திறந்த 24 கிலோமீட்டர் நீளப் பாலம் தீவையும் நம்மையும் இணைத்தது. 2019-இல் ஐகியா வந்தது. சுவீடன் தேசத்து இறைச்சியுருண்டைக்கும் இங்கே ஒரு கட்சி பிறந்திருக்கிறது. இரவு வேலை முடிந்து வருவோரில் நேப்பாளியரும் வங்காள தேசத்தாரும் பலர். அவர்கள் தம் நாட்டார்க்கு எந்தக் கடையை எவ்வாறு சொல்லி ஆற்றுப்படுத்துகின்றனர் என்பதை எழுதுவார் இன்னும் தோன்றவில்லை. தோன்றினால் அதுவே நம் காலத்துச் சிறந்த ஆற்றுப்படையாயிருக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

அன்று மாலை வாதம் ஓய்ந்தபின் தீவினரிடம் கேட்டோம்: “தம்பி, நீங்கள் போற்றும் கடையில் அடுப்பண்டை நிற்பவர் எவ்வூரார்?” பதினோராண்டாக அங்கே உண்கிறாராம், அவருக்குத் தெரியவில்லை. கிள்ளான் இளைஞர் நகைத்தார். அவர் நாள்தோறும் செல்லும் கடையில் இரவிற் கல்லாவில் நிற்கும் பெண்ணின் பெயர் என்ன என்று அவரையும் கேட்டோம். அதற்குள் தொழிற்சாலை வண்டி வந்துவிட்டது. இருவரும் எழுந்து சென்றனர்.