வரப்போரத் தூளி

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கும் நாட்களிலும், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி பொறுக்கும் நாட்களிலும் மரக்கிளைகளில் பழைய சேலைகள் தொங்கும். உள்ளே பிள்ளை தூங்கும். குழந்தைக்கென்று கடையில் விற்கும் சாமான்களில் இந்தத் தூளிக்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை.

துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் சேலைதான் தூளிக்கு ஏற்றது. காற்று போய்வரும், முடிச்சு இறுகி நிற்கும், ஈரமானால் அலசிப் போட்டதும் காய்ந்துவிடும். நைலக்ஸ் சேலையில் முடிச்சு வழுக்கும். துணி முகத்தை மூடாமலிருக்கக் குறுக்கே ஒரு கட்டையைச் செருகுவார்கள். அதை மட்டும் மறக்கவே கூடாது. பிள்ளை புரண்டு எழ ஆரம்பித்ததும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடுவது உயிருக்கே ஆபத்து.

ஆனால் யார் ஆட்டுவது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்ட அக்கா. அதுதான் மனதை அறுக்கிறது.

2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தரவேண்டும் என்றது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று ஒப்புக்கொண்ட அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்தவர் கொல்லைக்குக் கூலிக்குப் போகிறவளுக்கு அப்படி ஆள் கிடையாது, அவளுக்கும் வேண்டும்.