பச்சையும் சங்கும்

பாட்டியின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. கோடுகள் பரந்து, புள்ளிகள் நரம்போடு கலந்து, எது கோலம் எது கை என்று தெரியாத பச்சை. திண்ணையில் உட்கார்ந்து குறத்தி குத்தியது. மஞ்சளும் அகத்திக்கீரையும் சுட்ட கரி, சேர்த்துக் கட்டிய ஊசிகள், வலி மறக்க ஒரு பாட்டு. யாரிடம் குத்துவது என்ற யோசனையே இல்லை. தெருவுக்கு வந்தவள்தான் கலைஞர்.

ஸ்ரீரங்கத்தில் கணக்கு வேறு. வைணவர்களுக்குச் சமாச்ரயணம் என்னும் தீட்சையின்போது சூடேற்றிய சக்கரம் வலத்தோளிலும் சங்கு இடத்தோளிலும் ஒரு நொடி பதியும். மை கிடையாது, ஊசி கிடையாது. ஆசாரியர் யார் என்பது மட்டுமே கேள்வி.

இன்று திருச்சி தில்லைநகர்ப் பக்கம் போனால் டாட்டூ கடை. ஆல்பத்தில் பளபளக்கும் புதுப் படங்களை நான் நம்புவதில்லை. ஆறி, வருடம் கழிந்த படத்தைக் கேட்பேன். மை தோலின் இரண்டாம் அடுக்கில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்கவேண்டும். கூடினால் கோடு கசியும், குறைந்தால் உதிரும். அந்த ஆழம் கைக்குத்தான் தெரியும். கலைஞர் ஊசியின் உறையைக் கண்ணெதிரே பிரிக்கிறாரா? தமிழ் எழுத்தென்றால் இன்னும் கவனம்: 'அம்மா'வில் புள்ளி விட்டுப்போன ஒரு தோளைப் பார்த்திருக்கிறேன்.

2024 டிசம்பரில் இதே திருச்சியில், நாக்கைப் பிளந்துவிட்ட ஒரு டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. அப்படிக் கேட்பவரை 'அது என் வேலை இல்லை தம்பி' என்று திருப்பி அனுப்புகிற கலைஞரிடம் கையை நீட்டலாம். குத்தினால் ஓராண்டுக்கு ரத்ததானம் கூடாது என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.