குப்பை மலையும் கூட்டும் பொம்மையும்

குழந்தைகளுக்கென எடுக்கப்படும் படங்களை விமர்சகன் ஏறெடுத்துப் பார்க்கவேண்டியதில்லை என்றோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. தமிழ்ப் படங்களின் குறைகளைப் பக்கம் பக்கமாக ஆராயும் நண்பர்கள்கூட, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படமாளிகைக்குச் செல்லும்போது தம் அறிவை வாயிற்காவலனிடம் ஒப்படைத்துவிட்டே உள்ளே நுழைகின்றனர். "பிள்ளைகள் சிரித்தார்கள், அது போதும்" என்பது அவர்களது தீர்ப்பு. பிள்ளைகள் எதைக் கண்டு சிரித்தார்கள், எதற்காக அழுதார்கள், அந்தச் சிரிப்பும் அழுகையும் எத்தகைய உலகை இயல்பானதென அவர்தம் நெஞ்சிலே பதித்தன என்னும் வினாக்கள் எழுவதில்லை. பத்து வயதிற்குள் கண்ட படம் கற்ற பாடநூலைவிட நெடுங்காலம் மனத்தில் நிற்கும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கறிவர்.

அத்தகைய படங்களுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் தயாரித்து, 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'வோல்-ஈ' என்னும் அசைவூட்டச் சித்திரப்படமே அது. நெறியாளர் அன்ட்ரூ ஸ்டான்டன். ஏறத்தாழ 18 கோடி டொலர் செலவில் உருவாகி, 2009இல் சிறந்த சித்திரப்படத்துக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றது. இதனை நான் தேர்ந்தமைக்குக் காரணம் இது மோசமான படம் என்பதன்று. மிக நல்ல படம் என்பதே. மோசமான படம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல படத்திடந்தான் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

கதை எளிது. 'பை என் லார்ஜ்' என்னும் ஒரே கம்பெனி கடை, வங்கி, ஆட்சி அனைத்தையும் கைப்பற்றி, மனிதரை ஓயாமல் வாங்கவைக்கிறது. வாங்கியவையெல்லாம் குப்பையாகிப் பூமியை மூடியபின், அம்மனிதரையே 'அக்ஸியம்' முதலான விண்கப்பல்களில் ஏற்றி உல்லாசப் பயணம் அனுப்பிவைக்கிறது. ஐந்தாண்டுப் பயணம் எழுநூறு ஆண்டுகளாக நீள்கிறது. குப்பையை அள்ளி, வயிற்றிலிட்டு அழுத்தி, சதுரக் கட்டிகளாக்கி அடுக்கவென விடப்பட்ட எந்திரப் பொம்மைகளில் எஞ்சியது ஒன்றே ஒன்று. அதற்குத் துணை ஒரு கரப்பான்பூச்சி. பழைய குளிர்பெட்டியொன்றினுள் முளைத்திருந்த செடியை அது கண்டெடுத்து, ஒரு சப்பாத்தினுள் வைத்துக் காக்கிறது. உயிர்த் தடயம் தேடி வானிலிருந்து வந்திறங்கும் 'ஈவ்' என்னும் பளபளப்பான எந்திரத்தின்மீது அதற்குக் காதல் பிறக்கிறது. பின்னர் விண்கப்பல், துரத்தல், சதி, மீட்பு என்று சாகசக் கதைக்குரிய அனைத்தும் வருகின்றன.

முதல் நாற்பது நிமிடங்களுக்கு உரையாடல் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஓசையும் அசைவும் கண்களின் சாய்வுமே பேசுகின்றன. படக்குழுவினர் சாப்ளின், கீட்டன் ஆகியோரின் ஊமைப்படங்களை ஊன்றிப் பயின்றவர்கள். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. சாப்ளின் 1936இல் தமது 'மொடேர்ன் டைம்ஸ்' படத்தில் தொழிற்சாலை மனிதனை எந்திரமாக்குவதைக் காட்டினார். இங்கே எந்திரம் மனிதனாகிறது. அதன் வேலைநேரம் முடிந்தபின் வீடு திரும்பி, சப்பாத்தைக் கழற்றுவதுபோலத் தன் சங்கிலிச் சக்கரங்களைக் கழற்றி வைப்பதும், 1969இல் வெளிவந்த 'ஹலோ டொலி' என்னும் படத்தின் தேய்ந்த நாடாவைப் போட்டுப் பார்த்து ஏங்குவதும் தனிமையை உணர்த்தும் அருமையான இடங்கள்.

இன்னொரு காட்சியைக் குறிப்பிடாமற் போகமுடியாது. குப்பையில் ஒரு நகைப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே வைர மோதிரம். வோல்-ஈ மோதிரத்தை வீசிவிட்டு, திறந்து மூடும் அந்தச் சின்னஞ்சிறு பெட்டியை வைத்துக்கொள்கிறது. பொருளின் பயன்மதிப்பையும் பரிமாற்றமதிப்பையும் விளக்க நாம் கரும்பலகையில் எத்தனை கோடுகள் கிழிக்கிறோம்! இரண்டு விநாடிகளில் ஒரு பொம்மை அதனைச் செய்துகாட்டிவிடுகிறது. மண்டபத்திலிருந்த சிறுவர்கள் அதைக் கண்டு கைகொட்டிச் சிரித்தார்கள். அச்சிரிப்பில் அறிவு இருந்தது.

சொல்லில்லாத இந்த நாற்பது நிமிடங்களுக்கு நம் நாட்டிலே தனியொரு பொருளுண்டு. கொழும்புப் படமாளிகையில் அருகருகே அமர்ந்திருக்கும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே நொடியில் சிரிக்கும் வாய்ப்பு அரிது. ஆங்கிலச் சித்திரப்படம் ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கே முழுதாக உரியது. தமிழ்க் குரல் சேர்த்த படங்கள் கிடைத்தாலும் அவற்றில் ஒலிப்பது சென்னைப் பேச்சு. இலங்கையின் முதலாவது முப்பரிமாணச் சித்திரப்படமான 'கஜமன்' 2023 ஜனவரியில் வெளிவந்தது. அதன் மொழி சிங்களம். நம் பிள்ளைகளின் பேச்சில், நம் தெருக்களைக் காட்டும் சித்திரப்படம் எடுப்பதற்கு வேண்டிய பணமும் தொழிற்கூடமும் நம் கலைஞர்களிடம் இல்லை. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

இனிக் குப்பைக்கு வருவோம். இப்படம் வெளிவந்தபோது கொழும்பு மாநகரின் குப்பைமேடு கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலில் இருந்தது. 2009இல் அது மூடப்பட்டது. குப்பை நின்றுவிடவில்லை, இடம் மாறியது. மாநகர எல்லைக்கு அப்பால், கொலன்னாவையின் மீதொட்டமுல்லவைத் தேடி லொறிகள் வந்தன. களனி கங்கை பெருகினால் முதலில் நனையும் தாழ்நிலம் அது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் குப்பை அங்கே கொட்டப்பட்டது. சில ஏக்கர்களில் தொடங்கியது இருபது ஏக்கரளவுக்குப் பரந்து, முந்நூறு அடி உயர மலையாக வளர்ந்துவிட்டதென அப்போதைய செய்திகள் கூறின. அயலில் வாழ்ந்த ஏழை மக்கள், சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்ற பேதமின்றி ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், லொறிகளை மறித்தார்கள். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளின் பிற்பகலில், மலை சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. 32 பேர் மாண்டனர்; வேறு சிலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. பண்டிகைக்காகச் சமைத்த உணவு வீட்டிலிருந்த வேளை அது.

அதன்பின் ஒருமுறை, கொலன்னாவைப் பகுதியிலிருந்து வரும் மாணவர் சிலருக்கு இப்படத்தை வெண்திரையிட்டுக் காட்டினோம். வானளாவ எழுந்து நிற்பவை கட்டடங்களா என்று பார்வையாளர் மயங்குமாறு படத்தின் தொடக்கம் அமைக்கப்பட்டிருக்கிறது. அருகே சென்றபிறகே அவை குப்பைக் கோபுரங்கள் என்று தெரியும். உலகெங்கும் பிள்ளைகள் வியந்த அந்த இடத்தில் எங்கள் மாணவர் எவரும் வியக்கவில்லை. படம் முடிந்தபின் ஒருவன் கேட்டான்: "சேர், கப்பல்ல எல்லாருக்கும் இடம் இருந்திச்சா?"

கேள்வி படத்தின் மையத்தைத் தொட்டுவிட்டது. கப்பலில் அனைவரும் சென்றுவிட்டார்கள் என்பது கதையின் அடித்தளம். பூமியில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சீட்டு வாங்க இயலாதவர், ஏற்ற மறுக்கப்பட்டவர், குப்பையிலேயே பிழைப்பைத் தேடியவர் என்று எவருமிலர். குப்பையைப் படைத்தது மனிதகுலம், தப்பியோடியது மனிதகுலம், திரும்பி வருவதும் மனிதகுலம். 'மனிதகுலம்' என்ற இந்தப் பெருஞ்சொல்லைக் கேட்டவுடன் நாம் சற்று விழிப்படையவேண்டும். குற்றம் எல்லாருக்கும் பொதுவென்றால் அது எவருடையதும் அன்று. மீதொட்டமுல்லவில் சரிந்த மலை கொலன்னாவை மக்கள் தின்றும் உடுத்தும் எறிந்தவற்றால் மட்டும் ஆனதா? மாளிகைகளும் விடுதிகளும் அங்காடிகளும் கழித்துவிட்டவை அவை. கொட்டியவர் வேறு, புதையுண்டவர் வேறு. இந்த ஒரு வேறுபாடு படத்தில் இல்லை.

கூட்டுகிறவனைப் பற்றியும் சொல்லவேண்டும். வோல்-ஈ தன் தொழிலை விரும்புகிறது. எழுநூறு ஆண்டு கூலியின்றி உழைத்தும் முறுமுறுப்பதில்லை. தேய்ந்த உறுப்புகளுக்கு மாற்றாகச் செத்த தோழரின் உறுப்புகளை எடுத்துப் பூட்டிக்கொள்கிறது. முதலாளி ஒருவன் கனவிற் காணத்தக்க தொழிலாளி! தகழி சிவசங்கரப்பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு நெருடல் ஏற்படாமலிராது. ஆலப்புழையின் தமிழ்த் தோட்டியான சுடலைமுத்துவுக்கும் ஒரு கனவுண்டு: தன் மகன் இந்த வாளியைத் தூக்கலாகாது என்பது. நம் நாட்டின் நகரங்களைத் துப்புரவாக்கவும் ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தாழ்த்தப்பட்ட சாதி மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களது வழித்தோன்றல்கள் இன்றும் மாநகரசபைகளின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்கின்றனர். தொழிலோடு சாதியும் தொடர்ந்து வருகிறது. உண்மையான தோட்டிக்குப் பிள்ளையுண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு பெயர் காத்திருக்கிறது. எந்திரத் தோட்டிக்கு இவை எதுவுமில்லை. அதனாற்றான் அதனை நாம் இவ்வளவு எளிதாக நேசிக்க முடிகிறது.

குழந்தைப் படத்தில் சாவையும் சாதியையும் காட்டச் சொல்கிறாயா என்று சிலர் கேட்கலாம். இந்தப் படத்தின் இறுதியிலேயே வோல்-ஈ நசுக்கப்பட்டு, நினைவிழந்து, தன் காதலியையே அடையாளம் காணாத வெறும் பொறியாக விழிக்கிறது. சாவுக்கு மிக அருகான காட்சி. பிள்ளைகள் அதனைத் தாங்கிக்கொள்கிறார்கள். விம்மி அழுது, பின் மகிழ்கிறார்கள். துயரைத் தாங்கும் வலிமை பிள்ளைகளிடம் இருக்கிறது. எத்துயரைக் காட்டுவது என்று முடிவுசெய்பவர்களிடந்தான் தயக்கம் இருக்கிறது.

விண்கப்பற் பகுதியில் படம் தன்னையறியாமலே சில உண்மைகளைக் கூறுகிறது. மனிதர்கள் பருத்து, மிதக்கும் நாற்காலிகளிற் சாய்ந்து, முகத்தெதிரே தொங்கும் திரையைப் பார்த்தவாறு வாழ்கிறார்கள். இந்தக் கேலி வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறதேயன்றி விற்பவனைப் பார்த்துச் சிரிப்பது குறைவு. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. படத்தின் பாத்திரங்களெல்லாம் வரையப்பட்ட உருவங்களாயிருக்க, கம்பெனித் தலைவர் மட்டும் எலும்பும் தசையுமான நடிகராகப் பழைய ஒளிப்பதிவுகளில் தோன்றுகிறார். பூமிக்குத் திரும்பவேண்டாம் என்று அவர் இரகசியக் கட்டளையிட்டுச் செத்து எழுநூறாண்டாகிறது. கட்டளை சாகவில்லை, கப்பலைச் செலுத்தும் எந்திரம் அதனை நிறைவேற்றிக்கொண்டேயிருக்கிறது. உடைமையாளன் போனபின்னும் உடைமையின் சட்டம் ஆளும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உருவகம் கிடைப்பது கடினம். ஆனால் கதையோ சக்கரவடிவான அந்த எந்திரத்தையே வில்லனாக்கி, கப்பற்றலைவன் தள்ளாடி எழுந்து தன் காலில் நின்று அதன் விசையைத் திருப்பியதும் அனைத்தும் தீர்ந்ததென முடித்துவிடுகிறது.

உண்மையான கலகம் வேறோரிடத்தில் நடக்கிறது. பழுதடைந்தவையென அடைத்துவைக்கப்பட்ட எந்திரங்கள் பழுதுபார்க்கும் அறையை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியேறுகின்றன. குடையெந்திரமும் ஒப்பனையெந்திரமும் தத்தம் தொழிற்கருவிகளையே ஆயுதமாகக் கொள்கின்றன. படத்தில் உழைப்பவர்கள் ஒன்றுசேரும் ஒரே இடம் இது. நெறியாளர் அதனை நகைச்சுவையாகவே கையாண்டு, சில நிமிடங்களில் கைவிட்டுவிடுகிறார். கைவிட்டதில் வியப்பில்லை. வாங்கிக் குவிப்பதைப் பழிக்கும் இப்படம் கடைகளுக்கு வந்தபோது வோல்-ஈ பொம்மைகளும் கூடவே வந்தன. நெகிழிப் பொம்மைகள். அவை இன்று எந்த மேட்டின் எந்த அடுக்கில் கிடக்கின்றனவோ.

மீதொட்டமுல்ல சரிந்தபின் அங்கே குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. மாநகரின் கழிவைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் முன்வந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் கறுப்புக்கொடி ஏந்தி வீதியில் இறங்கினார்கள். அவர்களுள், 1990இல் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு அம்மாவட்டத்தில் தஞ்சம் புகுந்த முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். புளூமெண்டாலிலிருந்து கொலன்னாவைக்கும், கொலன்னாவையிலிருந்து புத்தளத்துக்குமாகக் குப்பைதான் பயணம் செய்தது.