‘படு’ என்னும் துணைவினை

‘ஏரியிலிருந்து உபரிநீர் திறந்துவிடப்பட்டது.’ மழைக்காலந்தோறும் நாம் கேட்கிற வாக்கியம். உபரிநீர் எழுவாயாக நிற்கிறது. திறந்த கை எங்கே? செய்தவரைச் சொல்லாமலேயே வாக்கியம் முழுமையடைந்துவிடுகிறது. எம்.ஏ. வகுப்பில் இதைச் செயப்பாட்டுவினை என்று படித்தேன். பழியைக் கரைக்கும் வினையும் இதுதான் என்பதை முடிச்சூரில்தான் கற்றுக்கொண்டேன்.

பழி குறைக்கும் சொற்களில் தரவரிசை உண்டு. ஆங்கிலேயச் சட்டம் வழி வந்த ‘கடவுள் செயல்’ பழியை முழுசாகத் துடைத்துவிடும். ‘வரலாறு காணாத மழை’ பாதியைத் துடைக்கும். ‘தாழ்வான பகுதி மக்கள்’ என்பதோ பழியை மூழ்கியவன் தலையிலேயே வைத்துவிடும்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மொட்டை மாடியில் நின்றபடி பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க: “ஏரியத் தொறந்து விட்டுட்டாங்க தம்பி.” ‘விட்டுட்டாங்க’ என்ற வினைமுற்றில் பெயர் இல்லை; ஆனால் ஆள் இருக்கிறது. அரசாங்கத் தமிழ் அழித்த ஆளைப் பேச்சுத் தமிழ் திரும்பக் கூட்டிவந்துவிடுகிறது.

இதோடு நிறுத்தினால் மக்கள் மொழியைப் புனிதப்படுத்தியதாகிவிடும். அக்கா சொன்னதில் பிழை இருக்கிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டது (பாருங்கள், நானும் ‘பட்டது’ என்றுதான் எழுதுகிறேன்). அந்தத் தண்ணீர் அடையாற்றோடு சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அது போக வேண்டிய வழியில் நாங்கள் குடியிருந்தோம்.

2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, இது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. நாமும் கைதட்டினோம். இன்று அந்தப் பிரதியை வாசிக்கையில் ஒரு சந்தேகம். கடவுளை நீக்கிவிட்டு ‘மனிதர்’ என்ற இன்னொரு மூடுசொல்லை அங்கே வைத்துவிட்டோமோ? ‘மனிதர்’ என்றால் எல்லாரும். எல்லாரும் என்றால் யாருமில்லை. மனை போட்டு விற்றவனுக்கும் கோப்பில் கையெழுத்திட்டவனுக்கும், அந்த அக்காவுக்கும் ஒரே பங்கு என்றாகிவிடுகிறது.

நம் துண்டறிக்கைகளும் விலக்கல்ல. ‘நீர்நிலைகள் ஆக்கிரமிக்கப்பட்டன’ என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! இந்தச் செயப்பாட்டுவினை, வீடிடிக்க வரும் இயந்திரத்துக்கு வசதியானது. அது முதலில் குடிசைப் பக்கம்தான் திரும்பும்.

ஆகவே அடுத்த அறிக்கையில் ‘படு’வை எடுத்துவிட்டு எழுதிப் பார்ப்போம். யார் மனை பிரித்தார்? யார் அனுமதித்தார்? யார் வாங்கினார்? முதலிரண்டு கேள்விக்கும் பதில் ஆவணங்களில் தேட வேண்டியது. மூன்றாவதற்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது: அப்பா வாங்கினார். விலை மலிவு என்பதால் நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.