ஆலப்புழையின் அரசுப் படகு

சேக்காட்டிலிருந்து ஆவடி போய், மின்சார ரயிலில் சென்ட்ரல். அங்கே இரவு ஆலப்புழை விரைவு ரயிலில் ஏறினால் மறுநாள் முற்பகலில் கால்வாய்களின் ஊர். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்த துறைமுக நகரம் இது.

எல்லோரும் படகுவீட்டைத்தான் விசாரிக்கிறார்கள். நான் அரசுப் படகுக்குத்தான் கட்சி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. 1968இல் தொடங்கிய கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் சில பத்து ரூபாயில் கோட்டயம் வரைக்கும், ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் போகலாம். படகை ஓட்டுபவர் ஸ்ராங்கு. மணிக்கயிற்றை இழுத்து எஞ்சின்காரருக்குச் சேதி சொல்வார். வேகம் குறையும், படகு துறையில் ஒட்டும், பள்ளிப் பிள்ளைகளும் பையோடு பெண்களும் ஏறுவார்கள். நம்மூர் டவுன் பஸ்ஸேதான், தண்ணீரில் போகிறது! இருபுறமும் கரை உயர்ந்திருக்க, வயல் கீழே கிடக்கிறது. குட்டநாட்டில் கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. அந்த வரப்பைப் பார்க்கவே இந்தப் பயணம் தகும்.

சாப்பாட்டுக்குப் படகுத்துறையை ஒட்டிய சின்னக் கடைகளே போதும். வேகவைத்து மசித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே குடம்புளி போட்ட சிவந்த மீன்குழம்பு. நம் புளியின் கூர்மை இதில் இல்லை. புகைவாசனையோடு நாக்கில் தங்கும் புளிப்பு. முதல்நாள் வைத்த குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அதுதான் ருசி.